போனவரை நினைத்து ஏங்குவது நோயா?

துக்க வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நம் ஆட்கள் ஆரம்பித்துவிடுவார்கள், "போனவர் போயிட்டார், மனசைத் தேத்திக்கிட்டு ஆக வேண்டியதைப் பாரும்மா" என்று. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர், இன்னும் அழுதுகொண்டிருக்கிறோமே என்ற வெட்கத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

ஆங்கிலத்தில் அதிகம் புழங்காத ஒரு சொல் உண்டு, டெசிடீரியம். இழந்துவிட்டதற்காக உள்ளுக்குள் ஏங்கும் ஏக்கம். லத்தீனிலிருந்து அப்படியே வந்தது. ஆசையைக் குறிக்கும் டிசையர் என்ற சொல்லுக்கும் இதே வேர்தான். விண்மீனைக் குறிக்கும் சீடுஸ் என்ற லத்தீன் சொல் இதற்குள் ஒளிந்திருப்பதாகப் பலர் கருதுகிறார்கள். ரோமானியக் கவிஞர் ஹொரேஸ், நண்பர் குவின்டிலியஸ் இறந்தபோது சக கவிஞர் வெர்ஜிலுக்கு எழுதிய பாடலை இந்தச் சொல் வரும் கேள்வியோடுதான் தொடங்குகிறார்: இவ்வளவு அருமையானவருக்காக ஏங்குவதில் வெட்கம் என்ன, அளவு என்ன?

இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் ஓர் அம்மா (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) இறந்த கணவரின் கைப்பேசிக்கு மாதாமாதம் பணம் கட்டி, சார்ஜ் போட்டு, அலமாரியில் அவர் சட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தார். மத்தியானம் ஒருமுறை அந்த எண்ணுக்கு அடித்து, அலமாரிக்குள் மணி அடிப்பதைக் கேட்பார். மகனுக்குப் பயம். ஆனால் அம்மா சமைக்கிறார், பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறார், தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்குகிறார். அவருக்கு நோய் இல்லை. அந்தச் சந்தாவை நிறுத்தச் சொல்லாதீர்கள் என்று மகனிடம் சொன்னேன்.

நோய் என்று எப்போது சொல்வோம்? நீடித்த துக்கக் கோளாறு 2022இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் சேர்க்கப்பட்டது. பெரியவர்களுக்கு, இறப்பு நடந்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். ஏக்கமோ நினைப்போ கடைசி ஒரு மாதமாக அநேகமாகத் தினமும் வாட்ட வேண்டும். கூடவே, தன்னில் பாதி செத்துப்போன உணர்வு, இறந்ததை நம்ப முடியாமை, வாழ்க்கையில் அர்த்தமே இல்லை என்ற நினைப்பு போன்ற அறிகுறிகளில் குறைந்தது மூன்று இருந்து, அவை கடும் வேதனை தரவோ அன்றாட வாழ்க்கையை முடக்கவோ வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் காலக்கெடு ஆறு மாதம்.

அப்படி இருந்தால் தாமதிக்காதீர்கள். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் சலுகைக் கட்டணத்தில் மனநல நிபுணரிடம் அனுப்பிவைப்பார்கள். மனம்விட்டுப் பேச தேசிய மனநல உதவி எண் 1771, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் உடனே தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் எண் 1767. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.