புனைபெயர் இருக்கட்டும், வீட்டில் ஒளிவு வேண்டாம்

போன தவக்காலத்தில் ஒரு நாள் இரவு 11.45 மணிக்கு போன் அடித்தது. எடுத்தால் தண்ணீர் கொட்டும் சத்தம். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் பேசுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அக்கா, ரெண்டு நிமிஷம் பேசலாமா? எல்லாரும் தூங்கிட்டாங்க."

என்னிடம் எழுத்துப் பயிற்சிக்கு வந்த பெண். யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். நடந்ததை எழுதலாம் என்று அவரே சம்மதித்தார். ஒன்றரை வருடமாக இணையத்தில் காதல் தொடர்கதை எழுதுகிறார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வாசகி என்று சொல்லிக்கொண்டு இன்பாக்ஸில் பழகிய ஒரு ஐடி அவருடைய உண்மைப் பெயரையும் பிள்ளையின் பள்ளியையும் பேச்சோடு பேச்சாகக் கறந்துவிட்டது. இப்போது 15,000 ரூபாய் கேட்கிறது. தராவிட்டால் கதையில் வரும் முதலிரவுக் காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாமியாருக்கும் அன்பியத்து (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் குழு) வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பிவிடுமாம்.

நான் 14 வருடமாகக் குடும்ப நாவல் எழுதுகிறவள். ஊர் தூத்துக்குடி. கத்தோலிக்கக் குடும்பம், இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியும், அதாவது கணவரின் அம்மாவும், இருக்கிறார். புதிதாக எழுத வரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எப்படிக்கா எல்லாத்தையும் பேலன்ஸ் பண்றீங்க?" என்றுதான். அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு கால அட்டவணை. நான் காலை 4.30 முதல் 6.30 வரை எழுதுகிறேன், அது எனக்குச் சரிப்படுகிறது, அவ்வளவுதான். ஆனால் வீடு, விசுவாசம், எழுத்து மூன்றையும் ஒரே அடியில் சாய்க்கக்கூடியது நேரக் குறைவு இல்லை. நாம் எழுதுவதை நம் வீட்டிலேயே மறைப்பது. அந்த இரவு நடந்ததும் அதுதான். எழுதுவது வீட்டுக்குத் தெரிந்திருந்தால் அந்த மிரட்டலுக்கு ஐந்து பைசா மதிப்பு இருந்திருக்காது.

அன்றிரவு நான் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். பணம் அனுப்பாதீர்கள். ஒரு முறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பார்கள். பயத்தில் சாட்டை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. தேதியும் ஐடியும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகார் கொடுக்கலாம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. மனம் விட்டுப் பேச ஆள் இல்லையென்றால் பெண்கள் உதவி எண் 181.

மறைத்து எழுதுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் மூன்று வருடம் நானும் அப்படித்தான் எழுதினேன். வாடகை நூல் நிலையத்தில் மாத நாவல் எடுத்துப் படித்து வளர்ந்தவள் நான். அதேபோல ஒன்று எழுதிப் பார்க்கும் ஆசையைக் கணவரிடம் சொல்லவே கூச்சம். புனைபெயரில் அனுப்பிய முதல் நாவலை ஒரு பதிப்பாளர் ஏற்றுக்கொண்டார். மொத்தமாக ஒரு தொகை, ஒரு பக்கத்துக்கு ஒரு கடிதம். "சகல உரிமைகளும்" என்று அதில் இருந்தது. தோழி வீட்டு முகவரிக்கு வந்த கடிதத்தில் தோழி வீட்டுத் திண்ணையிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒரு நகல்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. என் சொந்த அண்ணன் நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறவர். காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் விளக்கியிருப்பார். காட்ட முடியாதே! பல வருடம் கழித்து அந்த நாவல் மறுபதிப்பாக வந்தது, யூடியூபில் ஒலிக்கதையாகவும் வந்தது. எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை. கேட்கப் போனால், கையில் ஒரு தாளும் இல்லை.

பிறகு அண்ணன் சொல்லிக்கொடுத்தது இது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர்தான் முதல் உரிமையாளர். ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகும் 60 ஆண்டு அந்த உரிமை இருக்கும். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதவில்லையா, 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடு என்று எழுதவில்லையா, இந்தியாவுக்குள் மட்டும். 2012இல் வந்த திருத்தத்தில் இன்னொன்றும் உண்டு. கையெழுத்துப் போட்ட காலத்தில் புழக்கத்திலேயே இல்லாத ஒரு ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால், அந்த உரிமை கொடுத்ததாக ஆகாது. இதையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கையெழுத்துக்கு முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் தாளைக் காட்டும் நிலையில் இருந்தால் போதும். மறைத்து எழுதுகிறவர்களுக்கு அந்த ஒருவர் இருப்பதில்லை.

பணமும் இப்படித்தான். அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் வரும் வருமானத்தைத் தோழியின் கணக்குக்கோ தம்பியின் கணக்குக்கோ வரவைக்கும் பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, உங்கள் பான் எண், இரண்டும் முதல் நாளே வேண்டும். கிண்டிலில் கேட்கும் வரிப் படிவத்தைப் பொறுமையாக நிரப்புங்கள். சரியாக நிரப்பினால் அமெரிக்க விற்பனையில் உங்களுக்கு வரும் பணத்தில் 15 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள், இல்லையென்றால் 30 போகும். இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் சேர்த்த நாவல், சேர்க்கும் காலமான 90 நாளும் வேறெங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது. தொடராகப் போட்ட தளத்திலிருந்து எடுக்க மறந்துவிட்டு, கணக்கே முடங்கியபின் அழுதவர்கள் உண்டு.

சரி, நான் எப்படிச் சொன்னேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, அச்சான புத்தகத்தைக் கணவர் முன்னால் வைத்தேன். "இது நான் எழுதினது." அவர் புரட்டிப் பார்த்தார். இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டார், "எவ்வளவு தந்தாங்க?" அப்புறம், கொஞ்சம் தயங்கி, "மூணு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?" முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்கு இருக்கவில்லை. கதையில் காதல் இருந்தது அவரை வருத்தவில்லை, தன்னைத் தவிர இன்னொரு வீட்டுத் திண்ணைக்குத் தெரிந்திருந்ததுதான் வருத்தியது. அந்த வருத்தம் ஆறக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது.

மாமிக்குக் கண் சரியாகத் தெரியாது. சாயங்காலம் செபமாலை முடிந்ததும் ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டச் சொல்வார். கதாநாயகி மாமியாரை எதிர்த்துப் பேசும் இடங்களில் "அவ கேட்டதுல என்ன தப்பு?" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் எழுதிய அத்தியாயங்கள் உண்டு.

இனி விசுவாசம். இதைப் பற்றித்தான் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். "கோயிலுக்குப் போறேன், வேதம் வாசிக்கிறேன், ராத்திரி இந்தக் காட்சியையும் எழுதுறேன். தப்பில்லையாக்கா?" எனக்கும் அந்த உறுத்தல் இருந்தது. அப்போது இருந்த பங்குத்தந்தையிடம் ஒரு நாள் போய்ச் சொன்னேன். அவர் திட்டவுமில்லை, தட்டிக்கொடுக்கவுமில்லை. இனிமைமிகு பாடலை ஒரே உட்காரலில் முழுதாக வாசித்துவிட்டு வரச் சொன்னார். எட்டே அதிகாரம். காதலனும் காதலியும் ஒருவர் உடலழகை ஒருவர் கூச்சமில்லாமல் புகழும் பாட்டு, திருவிவிலியத்துக்கு நடுவில்! ஆனால் அதை வாசித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று. காதலைத் தட்டி எழுப்பாதீர்கள், அது தானாக விரும்பும்வரை விடுங்கள் என்ற வேண்டுதல் அந்தச் சிறிய நூலுக்குள் மூன்று முறை வருகிறது.

அந்தச் சமயத்தில் நான் எழுதிக்கொண்டிருந்தது ஆன்டி ஹீரோ கதை. கதாநாயகியைக் கடத்திக் கொண்டுபோய்க் கட்டாயத் தாலி கட்டி, அவள் அழ அழ நெருங்கி, கடைசியில் "அவன் அன்பு அப்படி" என்று அவளே சொல்லும் கதை. யூடி (அப்டேட், அதாவது அடுத்த அத்தியாயம்) போட்ட பத்து நிமிடத்தில் கமெண்ட் கொட்டும். என் மனதை உறுத்தியது முத்தக் காட்சி இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. ஒரு பெண்ணின் மறுப்பைக் காதல் என்ற பெயரில் நான் மிதித்துக்கொண்டிருந்தேன். அதைப் பதினாறு வயதுப் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். அந்தத் தொடரைப் பாதியில் நிறுத்தி, வாசகிகளிடம் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பலர் போய்விட்டார்கள். பழைய வாசிப்பு எண்ணிக்கையை இன்றுவரை நான் தொடவில்லை. ஆனால் இப்போது எழுதும் நெருக்கமான காட்சி எதையும், தேவைப்பட்டால், என் மகள் முன்னால் நியாயப்படுத்த என்னால் முடியும். எவ்வளவு எழுதலாம் என்பதற்கு ஆளாளுக்கு எல்லை வேறு. உங்கள் எல்லையை நீங்கள் யோசித்து வையுங்கள். யோசிக்காமல் விட்டால் அதை கமெண்ட் பகுதி முடிவுசெய்துவிடும்.

வேலை முறையிலும் விசுவாசத்துக்கு இடம் வைத்தேன். ஞாயிறு யூடி கிடையாது. தவக்காலத்தில் புதுத் தொடர் தொடங்குவதில்லை. ஜூலை 26 பனிமய மாதா கோயில் கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 திருவிழா வரை எழுத்துக்கே விடுமுறை. என் முஸ்லிம் தோழி ஒருவர் ரமலான் மாதம் முழுக்க எழுத மாட்டார், அதற்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே வாசகர்களிடம் சொல்லிவிடுவார். இதற்கெல்லாம் கையிருப்பு வேண்டும். 30 அத்தியாயத் தொடர் என்றால் 20 எழுதி முடிக்காமல் முதல் அத்தியாயத்தைப் போடாதீர்கள். அன்றன்றைக்கு எழுதி அன்றன்றைக்குப் போடுகிறவருக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட "அடுத்த யூடி எப்போ சிஸ்?" என்ற கேள்விதான் முதலில் கண்ணில் படும். பிள்ளைமேல் எரிச்சல் வரும். எனக்கு வந்திருக்கிறது.

கட்டைவிரல் வலியோடு போனிலேயே நாவல் முழுக்கத் தட்டச்சு செய்யாதீர்கள். முதல் வருமானத்தில் ஒரு பழைய மடிக்கணினி வாங்குங்கள், தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். போர்வைக்குள் ஒளித்து எழுத வசதியாக இருப்பதால்தான் பலர் போனை விடாமல் இருக்கிறார்கள்.

நான் சொல்வது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அடிக்கிற வீடு, போனைப் பிடுங்குகிற வீடு என்றால் உங்கள் பாதுகாப்புதான் முதலில். அங்கே வெளியில் நம்பகமான ஒருவருக்காவது, அக்காவோ கூடப் படித்தவரோ, தெரிந்திருக்கட்டும். உலகத்துக்குப் புனைபெயர் வைத்துக்கொள்வதில் எந்தத் தப்பும் இல்லை. நானும் இன்றுவரை புனைபெயர்தான்.

குளியலறையிலிருந்து பேசிய பெண் மறுநாள் முதலில் தன் அக்காவிடம் சொன்னார். அக்கா கூட இருக்க, அன்று சாயங்காலம் கணவரிடம். கணவர் கத்தினார், மூன்று நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வரவில்லை. நான்காம் நாள் புகார் கொடுக்க அவரே போனை வாங்கிப் படங்களை ஒழுங்கு செய்தார். அந்த ஐடி அப்புறம் காணாமல் போய்விட்டது.

இப்போது அவர் வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் எழுதுகிறார். போன வாரம் பேசினார், காலை 11 மணிக்கு. பின்னால் குக்கர் விசிலடித்தது, யாரோ டிவியைச் சத்தமாக வைத்திருந்தார்கள். குரலைத் தாழ்த்தவில்லை. "அவர் இன்னும் ஒண்ணும் வாசிக்கலக்கா," என்றார். "ஆனா ஹாலிலேயே உட்கார்ந்து எழுதுறேன்."