ஜீனியாலஜி: மரபியலா, கொடிவழியா?

குடும்ப உறவுத் தரவுகளைக் கையாளும் திறமூல நிரற்கூறுகளுக்கு, அதாவது ஜீனியாலஜி மாட்யூல்களுக்கு, தமிழில் விளக்கம் எழுதுவோர் பலர், ‘மரபியல் தரவுகளுக்கான தொகுதி’ என்றே எழுதிவிடுகிறார்கள். ஒரு முறை கண்டால் அவசரத்தில் நேர்ந்த பிழை என்று விட்டுவிடலாம். விளக்கக் கோப்பிலும் இடைமுகத்திலும் குறிச்சொற்களிலும் அதே தொடர் படியெடுக்கப்பட்டு வரும்போது, இனியும் பேசாமல் இருந்தால் இதுவே நிலைத்துவிடும் என்ற கவலை எழுகிறது. ஜீனியாலஜி வேறு, மரபியல் வேறு. முன்னதற்குக் கொடிவழி என்பதே பொருத்தமான சொல்.

ஜீனியாலஜி என்ற சொல்லின் முன்பாதி ‘ஜெனியா’ என்ற கிரேக்கச் சொல். தலைமுறை, வழித்தோன்றல் என்பது அதன் பொருள். பின்பாதி, எடுத்துரைத்தலைக் குறிக்கும் ‘லோகியா’. ஆக, இன்னார் இன்னாரின் வழிவந்தவர் என்று எடுத்துரைப்பதே ஜீனியாலஜி. ஜெனிடிக்ஸ் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் அது 1905ஆம் ஆண்டில் வில்லியம் பேட்சன் என்ற உயிரியலாளர் ஓர் அறிவியல் துறைக்குச் சூட்டிய பெயர். அத்துறையையே தமிழ்ப் பாடநூல்கள் நெடுங்காலமாக மரபியல் என்று குறித்து வருகின்றன. மரபணு, மரபணுத்தொகை, மரபணுப் பிறழ்வு என ஒரு சொற்குடும்பமே அதைச் சுற்றி வளர்ந்திருக்கிறது.

வேர் ஒன்று என்பதற்காகப் பொருளும் ஒன்றாகிவிடாது. ‘லஜி’ என்று முடியும் சொல்லைக் கண்டவுடன் ‘இயல்’ என்று போட்டுவிடும் பழக்கமே இந்தக் குழப்பத்தின் மூலம். ஒருவரின் ஜீனியாலஜி என்று சொல்லும்போது குறிக்கப்படுவது ஒரு கல்வித்துறை அன்று. அவருடைய தந்தை, தாய், பாட்டன், பாட்டி என்று பின்னோக்கிச் செல்லும் உறவுத்தொடர். அதை ‘அவருடைய மரபியல்’ என்று பெயர்த்தால், படிப்பவர் நினைப்பது அவருடைய மரபணுக்களைப் பற்றித்தான்.

தரவைத் திறந்து பார்த்தாலே இந்த வேறுபாடு தெரியும். இத்துறையில் பெரிதும் வழங்கும் ஜெட்காம் என்ற கோப்பு வடிவம் 1984இல் வெளிவந்தது. அதில் மரபணுவுக்கென்று ஒரு குறிகூட இல்லை. ஒவ்வொரு வரியும் ஒரு படிநிலை எண்ணுடன் தொடங்கி, பிறப்பு, இறப்பு, இடம், நாள் என ஏதோ ஒன்றைச் சுட்டும் சுருக்கக் குறியைத் தாங்கி நிற்கிறது. ஒருவரின் பதிவில் உள்ள ‘ஃபேம்சி’ என்ற குறி அவர் பிள்ளையாக இடம்பெறும் குடும்பத்தையும், ‘ஃபேம்எஸ்’ என்ற குறி அவர் துணைவராக இடம்பெறும் குடும்பத்தையும் காட்டுகின்றன. பிள்ளை என்ற இணைப்பு பிறப்பால் வந்ததா, தத்தெடுப்பால் வந்ததா என்று குறிக்கவும் அதில் வழி இருக்கிறது. தத்துப்பிள்ளையை மரபியல் அந்தப் பெற்றோரோடு இணைக்காது, கொடிவழி இணைக்கும். இந்த ஒரு குறிக்காகவே மரபியல் என்ற பெயரைக் கைவிட வேண்டும் என்பேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மரபணுச் சோதனை முடிவுகளைக் குடும்ப வரலாற்றோடு பொருத்திப் பார்க்கும் முறை இப்போது பரவியிருக்கிறது. ஆங்கிலத்தில் அதை ஜெனிடிக் ஜீனியாலஜி என்கிறார்கள். ஜீனியாலஜியை மரபியல் என்று எழுதியவர் இதை எப்படி எழுதுவார்? ‘மரபியல் மரபியல்’ என்றா? ஒரே மென்பொருளில் உறவுத்தொடர், மரபணுச் சோதனை முடிவு என்ற இரண்டு பட்டியல்களும் அடுத்தடுத்து நிற்கும்போது, இரண்டுக்கும் ஒரே தலைப்பிட்டுப் பயனரைத் தவிக்கவிடுவது மொழிபெயர்ப்பு ஆகாது.

மற்ற மாற்றுச்சொற்களையும் பார்த்துவிட வேண்டும். ‘மரபுவழி’ என்பார்கள். மரபுவழி மருத்துவம், மரபுவழிக் கலை என்று காலங்காலமாக வந்த முறையைச் சுட்டவே அது பெரிதும் வழங்குகிறது; ‘மரபுவழித் தரவு’ என்றால் பழைய முறையில் சேர்த்த தரவு என்றே பொருள்படும். வம்சாவளி என்ற சொல்லின் பொருளில் பிழையில்லை. வம்சத்தின் வரிசை என்பதுதான் அது. ஆனால் செய்தி நடையில் ‘இந்திய வம்சாவளியினர்’ என்று எழுதி எழுதி, பூர்விகம் என்ற பொருளே இன்று முன்னால் நிற்கிறது. குடும்ப மரம் என்பது வரைபடத்துக்குப் பொருந்தலாம், நிரற்கூறுக்குப் பொருந்தாது. நிரலாளருக்கு மரம் என்றால், ஒவ்வொரு கணுவுக்கும் ஒரே ஒரு பெற்றோர்க் கணு உடைய தரவுக் கட்டமைப்பு. மனிதருக்கோ பெற்றோர் இருவர். உறவுக்குள் மணம் நடந்திருந்தால் ஒரே மூதாதையர் இரு வழியிலும் வந்து சேர்வார். பெயரை நம்பி மரமாக எண்ணி எழுதிய நிரல், அவரை இருவராக எண்ணிவிடும்.

கொடிவழி என்ற சொல்லை யாரும் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. அரச குலங்களின் வரிசையைத் தரும்போது வரலாற்று நூல்கள் கையாளும் சொல்தான் அது. தொப்புள்கொடி உறவு என்று பேச்சிலும் வழங்குவதால் கொடிக்கும் உறவுக்குமான தொடர்பு யாருக்கும் அந்நியமில்லை. கொடி பிரிந்து படரும், பின்னிப் பிணையவும் செய்யும்; தரவின் உண்மையான அமைப்பும் அதுவே. கொடி என்றால் பதாகை அல்லவா என்று கேட்கலாம்; ‘வழி’ சேர்ந்தபின் அந்த ஐயத்துக்கு இடமில்லை. துறையைக் குறிக்க வேண்டுமானால் கொடிவழி ஆய்வு. ஜெனிடிக் ஜீனியாலஜியை மரபணுசார் கொடிவழி ஆய்வு என்று சொல்லிவிடலாம்.

தொகுதி என்ற சொல்லும் இங்கே பொருந்தவில்லை. மாட்யூல் என்பது ‘சிறு அளவு’ என்ற பொருளுடைய ‘மாடுலஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; பெரிய ஒன்றின் தனித்து இயங்கவல்ல பகுதி அது. தொகுதி என்பது பலவற்றைத் திரட்டியது. மாட்யூலுக்கு நிரற்கூறு, பேக்கேஜுக்குப் பொதி, லைப்ரரிக்கு நூலகம் என்று பிரித்து வழங்கினால் மூன்றும் தெளிவாக நிற்கும்.

பகிரப்படும் நிரலுக்குப் பெயர்தான் முகவரி என்பதால் இதில் கண்டிப்பு வேண்டும் என்கிறேன். பெர்ல் மொழியின் சீபான் களஞ்சியத்தில் உயிரியல் நிரற்கூறுகள் ‘பயோ’ என்ற பெயர்வெளியின் (பெயர்களைத் தொகுக்கும் பொதுத் தலைப்பின்) கீழும், குடும்ப வரலாற்று நிரற்கூறுகள் சில ‘ஜீனியாலஜி’ என்ற பெயர்வெளியின் கீழும் தனித்தனியே இருக்கின்றன. ஆங்கிலத்தில் இவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்ததைத் தமிழ் விளக்கத்தில் நாமே கலந்துவிடுகிறோம். பைத்தான் 3 என்ற நிரல்மொழி தமிழ் எழுத்தில் மாறிகளின் (வேரியபிள்) பெயர்களை ஏற்றுக்கொண்டாலும், அம்மொழியின் பொதிகளுக்கான பைபிஐ களஞ்சியம் பொதியின் பெயருக்கு ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு, இணைப்புக்கோடு ஆகியவற்றை மட்டுமே அனுமதிக்கிறது. அங்கே கொடிவழியின் ழகரத்தை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதும் தொல்லை இருக்கத்தான் செய்யும். ஆகவே ஒரே எழுத்துக்கூட்டலைத் தேர்ந்து அதையே எங்கும் பயன்படுத்துவதும், விளக்கத்தின் முதல் வரியிலேயே ‘கொடிவழித் தரவுகளுக்கான நிரற்கூறு’ என்று தமிழில் எழுதிவைப்பதும், வெளியிடுபவர் தம் நிரலைத் தேடி வருவோருக்குச் செய்ய வேண்டியவை.