விமான நிலையம் அல்ல, விமானக் களம்

சில்வர்ஸ்டோன் கார்ப் பந்தயத் தடத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் எல்லாரும் ‘அது ஒரு பழைய விமான நிலையம்’ என்றே எழுதுகிறார்கள், படித்துப் படித்து அலுத்துவிட்டது. இங்கிலாந்தில் 1943-ல் வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்களில் வீரர்களைப் பழக்குவதற்காக அமைத்த இடம் அது. பயணிகள் வந்து போகிற இடமே இல்லை.

ஆங்கில மூலச்சொல் ஏர்ஃபீல்டு. ஏர் காற்று, ஃபீல்டு வெளி, அவ்வளவுதான். தொடக்கத்தில் அது வெறும் புல்வெளி. காற்று எங்கிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து விமானத்தை ஓட்டிக் கிளம்புவார்கள். இன்னொரு சொல் ஏரோட்ரோம், அதில் உள்ள ட்ரோமோஸ் கிரேக்கத்தில் ஓட்டத்தையும் ஓட்டப் பந்தயத் திடலையும் குறிக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஓடுதளம்’ என்பார்கள் சிலர். போர்க்காலத்தில் பிரிட்டனில் கட்டியவற்றில் பெரும்பாலும் மூன்று ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு முக்கோணமாகக் கிடக்கும், அவற்றைச் சுற்றி ஒரு வளையப்பாதை. மொத்த இடமும் ஓடுதளம் என்றால் ‘ஓடுதளத்தில் மூன்று ஓடுதளங்கள்’ என்றா எழுதுவது? அப்புறம் ‘விமானத் தளம்’. தளம் என்றால் படையும் ஆயுதமும் அதிகாரியும் இருக்க வேண்டும், படை கிளம்பிவிட்டால் தளம் இல்லை. ஆனால் நிலம் அங்கேதானே கிடக்கிறது! சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், உலகப் போர்க்கால ஓடுபாதையில் பிற்பாடு எத்தனையோ ஆண்டுகள் கார், பைக் பந்தயம் நடந்ததே, அப்போது அதை யாருடைய தளம் என்பது? அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படுகிற சொல்லை எடுத்து வைத்துவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பாளர்கள் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை.

நம்மிடம் களம் என்ற சொல் இருக்கிறது. மேடுபள்ளம் நிரவி, தண்ணீர் தெளித்து, சாணம் மெழுகி, கெட்டியாக்கிய தரை. நெல் அடித்தாலும் களம், அறுவடை முடிந்து பிள்ளைகள் ஓடி விளையாடினாலும் களம்தான். நிலத்தின் வேலை மாறினாலும் பெயர் பொருந்தி நிற்கிறது, ஏர்ஃபீல்டுக்கு வேண்டியதும் அதுதான். விமானம் வடமொழி, வானூர்திக் களம் என்பதே தூய தமிழ் என்றால் எனக்கு முழுச் சம்மதம். களம் மட்டும் மாறக்கூடாது.

சில்வர்ஸ்டோனில் 1948-ல் அந்த ஓடுபாதைகளையும் வளையப்பாதையையும் சேர்த்துத்தான் பந்தயம் விட்டார்கள். 1950 மே 13-ல் ஃபார்முலா ஒன் உலகப் போட்டியின் முதல் பந்தயமும் அங்கேதான். தடத்தின் ஒரு நீண்ட நேர்ப்பகுதிக்கு விமானக் கொட்டகையின் பெயரால் ‘ஹேங்கர் ஸ்ட்ரெய்ட்’ என்றே இன்றும் பெயர். ‘போர்க்கால விமானக் களம், பின்னாளில் பந்தயக் களம்’ என்று எழுதினால் இத்தனையும் அதிலேயே வந்துவிடுகிறது.