வீடு மூழ்கும் முன் வீதி மூழ்கும்

ஐப்பசி பிறந்ததும் என் கைப்பையில் ஒரு கொப்பி கூடிவிடும். தை மாதம் வரைக்கும் பிள்ளை பெறப்போகிறவர்கள் யார், வீடு எங்கே, அந்த வீட்டிலிருந்து பெரிய வீதிக்கு வருவதற்குள் எந்த இடத்தில் தண்ணீர் ஏறும் என்று அதில் எழுதி வைப்பேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்துதான் இந்தப் பழக்கம் வந்தது.

மழைக்கு முதல் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று சொன்னால், அனேகமான வீடுகளில் ஒரே பதில்தான். "எங்கட வீடு மேட்டுக்காணி மிஸ். எழுபத்தெட்டுச் சூறாவளிக்கே ஒண்டும் ஆகல்ல." 1978 நவம்பர் 23 இரவைக் கண்ணால் பார்த்த அம்மம்மா சொல்லும்போது நான் எப்படி மறுப்பது? வீடு நிற்கும். வீதி நிற்காது. அதைத்தான் ஒவ்வொரு திண்ணையிலும் இருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊருக்குள் பெய்யும் மழை மட்டும் நம்மை வெட்டிவிடுவதில்லை. மேலே உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்கள் நிறைந்து வான்கதவு திறந்தால், இங்கே வானம் வெளித்திருக்கும்போதே தாழ்ந்த வீதிகளில் தண்ணீர் ஏறும். வந்த தண்ணீர் சட்டென்று வடியவும் மாட்டாது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான வாவிக்குக் கடலோடு சேரும் வாய் இரண்டுதான், பாலமீன்மடு முகத்துவாரமும் தெற்கே கல்லாறும். மணல் மூடிய வாயை வெட்டித் திறந்தாலும், கடல் வாங்கும் வேகத்தில்தான் வாவி இறங்கும். மழை விட்டுப் பல நாளாகியும் கிரான் புலிபாய்ந்தகல் வீதியிலும் மண்டூர் வெல்லாவெளி வீதியிலும் சனங்கள் படகுக்குக் காத்து நிற்பது இதனால்தான்.

2011 ஜனவரி வெள்ளத்தில் என் பகுதியில் ஒரு தங்கைக்கு வலி கண்டது. முதல் பிள்ளை. வீட்டு முற்றத்தில் ஈரம் மட்டும்தான், ஆனால் வீதியில் இடுப்பளவு தண்ணீர். புருஷன் யானைக் காவலுக்கு வயல் வாடிக்குப் போனவர், அங்கேயே மாட்டிக்கொண்டார். தோணி ஒன்று கிடைத்து, அது வந்து சேர்ந்து, மறுகரையில் வாகனம் பிடித்து ஆசுபத்திரிக்குப் போவதற்குள் ஏழு மணித்தியாலம். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அந்த ஏழு மணித்தியாலமும் நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, இரத்தப்போக்கு வந்தால் என்ன செய்வேன் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளைக்கு முதல் அதே வீதியில் பஸ் ஓடியது.

இப்போது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். வீதி தண்ணீருக்குள் இருந்தால் அதுவும் அக்கரையில்தான் நிற்க வேண்டும். உழவு இயந்திரம் இருக்கிறதே என்பார்கள். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் கவிழ்ந்து பிள்ளைகள் இறந்துபோனார்கள். ஓடும் தண்ணீருக்குள் எந்த உழவு இயந்திரப் பெட்டியையும் நம்பாதீர்கள்.

வெள்ளத்துக்குத் தயாராகுங்கள் என்றதும் டோர்ச்சும் மெழுகுதிரியும் வாங்குகிறோம். சரி, அவையும் வேண்டும். அதற்கு முதல் உங்கள் வீட்டில் தானாக நடந்து வெளியேற முடியாதவர் யார் என்று பாருங்கள். நிறைமாதக் கர்ப்பிணி, படுக்கையில் உள்ள அப்பா, இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர், அடிக்கடி இழுப்பு வருகிற பிள்ளை. வான்கதவு திறக்கப்போகிறார்கள் என்ற அறிவித்தல் வந்த அன்றே இவர்கள் போக வேண்டும். மற்றவர்கள் நின்று மாட்டையும் நெல்லையும் பார்க்கலாம். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வந்தது, அதைப் பூட்டிவிட்டுப் போக அவளுக்கு மனம் வராது என்பது எனக்குத் தெரியும். வீட்டைப் பார்க்க ஆள் நிற்கட்டும், அவள் போகட்டும். 37 கிழமை தாண்டிய கர்ப்பிணிகள் அறிவித்தலுக்கும் காத்திருக்க வேண்டாம்.

போகும்போது கர்ப்பகாலப் பதிவேடு, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, கிளினிக் கொப்பி, அடையாள அட்டை எல்லாம் ஒரே பொலித்தீன் பையில் இருக்கட்டும். மாத்திரை இரண்டு கிழமைக்காவது வேண்டும். பாவித்துக்கொண்டிருக்கிற இன்சுலின் போத்தல், வெயிலும் சூடும் படாவிட்டால், குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே ஏறக்குறைய 4 கிழமை தாங்கும். இன்னும் திறக்காத போத்தலைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி, தண்ணீர் உள்ள மண்முட்டிக்குள் வையுங்கள்.

முகாமில் நடக்கும் ஒரு விஷயம் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சைப் பிசையும். நிவாரணம் கொண்டுவருகிறவர்கள் நல்ல மனதோடு பால்மா பெட்டியும் கொண்டுவருகிறார்கள். தாய் "பயத்தில பால் வத்திப் போச்சு" என்று சொல்லிப் போத்தலை எடுக்கிறாள். பயத்தால் பால் வற்றாது. இறங்கி வருவதுதான் கொஞ்சம் தாமதிக்கும். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துத் திரும்பத் திரும்பக் குடிக்கவிட்டால் வரும். நூறு பேருக்கு ஒரு கிணறு, அடுப்பு இல்லை, போத்தலை எதில் அவிப்பது? அந்தப் போத்தலால் வயிற்றோட்டம் வந்து மெலிந்த கைக்குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். உதவ நினைக்கிறவர்கள் தாய்க்குச் சாப்பாடும், மறைவாக இருந்து பால் கொடுக்க ஒரு திரைச்சீலையும், பெண்களுக்கு மாதவிடாய்த் துணியும் கொண்டுவாருங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குக் குளோரின் போடும்வரை தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். வயலுக்கு இறங்கியவருக்குக் காய்ச்சலோடு தசைநோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே ஆசுபத்திரி. பாம்பு கடித்தால் வெட்டவும் உறிஞ்சவும் வேண்டாம், கடிபட்ட இடத்தை அசைக்காமல் கொண்டுபோங்கள். படகு உதவிக்கு 117, அதோடு உங்கள் கிராம உத்தியோகத்தரின் இலக்கத்தையும் சுவரில் எழுதி வையுங்கள். போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் போனதும் அதுவும் போய்விடும்.

அடுத்த கிளினிக்குக்கு வரும்போது அம்மாவையும் வீட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள், அவர் வாடிக்குப் போக முதல். மழை வந்தால் யாருடைய வீட்டுக்குப் போவீர்கள், அவர்களுடைய இலக்கம் என்ன என்று மூன்று பேரும் இருக்கும்போதே என் கொப்பியில் எழுதிக்கொள்வேன்.