பாதி மீன் போனால் பாதி மேய்ச்சல்தான் போகுமா?

பவளத்திட்டுகள் பற்றிக் கல்லூரி மாணவி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "திட்டில் இருக்கும் மீன்களில் பாதியைப் பிடித்துவிட்டால் பாசி மேய்வதும் பாதியாகக் குறையும், அவ்வளவுதானே? மீதிப் பாதி போதாதா?" கேட்டவுடன் கணக்கு சரி என்றுதான் தோன்றும். ஆனால் மீன்கள் அப்படி மேய்வதில்லை. காரணம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அடிப்படை தெரிந்ததுதான். பவளம் ஒரு விலங்கு. தன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி சமைத்துத் தரும் உணவை நம்பி வாழ்கிறது. வெளியே பாறைமேல் தழைக்கும் பெரிய பாசிகளோ அதற்கு எதிரி: வெளிச்சத்தை மறைக்கும், இளம் பவளம் ஒட்டி வளர இடம் விடாது. கிளி மீன், ஓரா, வாலடியில் கத்திபோல் முள் வைத்திருக்கும் சர்ஜன் மீன் போன்றவைதான் இந்தப் பாசியை மேய்ந்து கட்டுக்குள் வைக்கின்றன. மேய ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜமைக்கா சாட்சி. அங்கே மேயும் மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்திருந்தார்கள். 1980இல் பெரும் புயல் அடித்தது. மீன்கள் செய்த வேலையை ஏற்றுப் பாசியைத் தின்றுவந்த, உடலெல்லாம் முள் கொண்ட கடல் முள்ளெலிகளும் 1983இல் நோய் வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1977இல் பாறைப் பரப்பில் பாதிக்கு மேல் மூடியிருந்த பவளம், 1993இல் சுமார் 3 சதவீதமாகிவிட்டது. அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொண்டது.

சரி, இப்போது மேயும் மீனின் இடத்தில் இருந்து பார்ப்போம். அது பவளக் கிளைகளுக்குள் ஒதுங்கி நிற்கிறது. சற்றுத் தள்ளி, திறந்த வெளியில் பாசி செழிப்பாக இருக்கிறது. அங்கே போனால் வயிறு நிறையும். கலவா மீனின் வாய்க்குள் போகவும் வாய்ப்பு உண்டு. ஆபத்து இருக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? தன் இரண்டு கண்ணால் எல்லாப் பக்கமும் பார்க்க முடியாது. தலையைக் கவிழ்த்துக் கொறிக்கும்போது இன்னும் குறைவாகவே பார்க்கும். ஆகவே அது மற்ற மீன்களைப் பார்க்கிறது. அங்கே நான்கு மீன்கள் நிம்மதியாக மேய்ந்தால், அந்த நான்கின் கண்ணிலும் இதுவரை எதிரி படவில்லை என்று பொருள். அப்புறம் இதுவும் துணிந்து வெளியே வரும். ஒன்று திடீரென்று விலகி ஓடினால் மற்றவையும் மறைந்துவிடும். இதில் எந்த மீனும் இன்னொன்றுக்கு வேண்டுமென்றே சேதி சொல்லவில்லை. ஒன்று மேய்வதே மற்றொன்றுக்குச் சேதி. அவை ஒரே இனமாக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை.

பசிபிக் கடலில் உள்ள பிரெஞ்சு பாலினீசியாவின் மூரேயா தீவில் ஆய்வாளர்கள் மைக்கேல் கில், ஆண்ட்ரூ ஹைன் இருவரும் மேய்ச்சல் இடங்களுக்கு மேலே கேமராக்களைப் பொருத்தி இதைப் படம் பிடித்தார்கள். எப்போது வெளியே வருவது, எவ்வளவு தின்பது, எப்போது ஓடுவது என்ற மூன்று முடிவுகளையும் மீன்கள் அக்கம்பக்கம் பார்த்தே எடுக்கின்றன என்று 2017இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், மேய்ந்துகொண்டிருந்த மீன்களுக்குத் திரையில் விரிந்துகொண்டே வரும் கரும்புள்ளி ஒன்றைக் காட்டினார்கள். பாய்ந்து வரும் எதிரி மீனின் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். புள்ளி விரியும் விதம் மட்டும் ஓட்டத்தை முடிவு செய்யவில்லை. கண்ணில் படும் மற்ற மீன்களுக்கும் அதில் பங்கு இருந்தது.

இப்போது அந்தப் 'பாதி'க்கு வருவோம். ஒரு கற்பனைக் கணக்கு: பத்து மீன்கள், ஒவ்வொன்றும் நாளுக்கு நான்கு மணி நேரம் மேய்கிறது. மொத்தம் நாற்பது. ஐந்தைப் பிடித்துவிட்டோம். மீதி ஐந்தும் பழையபடி மேய்ந்தால் இருபது கிடைக்கும். ஆனால் வெளியே துணை குறைந்ததால் அவற்றின் துணிச்சலும் குறைகிறது. இரண்டு மணி நேரம்தான் வெளியே வருகின்றன என்றால் மிஞ்சுவது பத்து. மீன் பாதியானது, மேய்ச்சலோ கால்வாசியாகிவிட்டது.

கில், ஹைன் குழுவினர் இந்த நடத்தையைத் தங்கள் கணித மாதிரியில் சேர்த்துப் பார்த்தபோது, எவ்வளவு பிடிக்கிறோம் என்பதோடு எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறோம் என்பதும் திட்டின் தலைவிதியை மாற்றுகிறது என்று தெரிந்தது. யோசித்தால் புரியும். மீன் தன் துணிச்சலை அந்த நொடியே இழக்கிறது; பாசி வாரக் கணக்கில் தழைக்கிறது; பவளம் திரும்பி வளரவோ ஆண்டுகள் வேண்டும். சட்டென்று மீன்களை அள்ளிவிட்டால், அவை பெருகி ஈடுகட்டுவதற்குள் பாசி முந்திக்கொள்ளும்.

மீன் மீனைப் பார்ப்பதைப் படம் பிடிக்க எதற்குப் பணம் என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம் தரும் கேள்வி. எத்தனை மீன் பிடிக்கலாம் என்று விதி எழுதுகிறவர்கள் வெறும் தலைகளை எண்ணி எழுதினால் அந்த விதி தவறாகப் போகும். கேமராவோடு மணிக்கணக்கில் கடலில் கிடப்பவர்களுக்கு இன்னும் தாராளமாகவே கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஓரா மீன்கள் ஜோடியாக மேய்வதைச் சைமன் பிராண்டல், டேவிட் பெல்வுட் இருவரும் கவனித்து 2015இல் எழுதினார்கள். ஒன்று பாறை இடுக்கில் மூக்கை நுழைத்துப் பாசியை இழுக்கும். அதற்குப் பின்பக்கம் எதுவும் தெரியாது. மற்றது சற்று மேலே, தலையை உயர்த்தி நீரைப் பார்த்தபடி அசையாமல் நிற்கும். கொஞ்ச நேரத்தில் முறை மாறும். கணக்கெடுப்பவரின் பலகையில் அது 'ஓரா – 2' என்று பதிவாகும். ஆனால் பல நேரம் தின்பது ஒன்றுதான், அதுவும் இன்னொன்று மேலே நிற்பதால்.