ஆன்டிஃபவுலிங் பெயின்ட்: ‘மாசு எதிர்ப்பு’ அல்ல

‘கப்பலுக்குப் பூசும் மாசு எதிர்ப்பு வண்ணப்பூச்சால் பவளப்பாறைகள் பாதிக்கப்படுகின்றன.’ ‘ஆன்டிஃபவுலிங் பெயின்ட்’ என்பதை ‘மாசு எதிர்ப்பு வண்ணப்பூச்சு’ என்று தமிழாக்கிய இந்த மாதிரி வாக்கியம் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. மாசை எதிர்க்கும் பூச்சு பவளத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்று படிப்பவர் குழம்பத்தான் செய்வார்.

‘ஃபவுல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் அழுகல், நாற்றம். கப்பலின் அடியில் பாசி, கொட்டலசு (ஓடுடைய சிறு கடலுயிர்), சிப்பி எல்லாம் அப்பிக்கொள்வதையும் மாலுமிகள் அதே சொல்லால் குறித்தார்கள். ‘ஆன்டி’ என்றால் எதிர். சொல் வரலாறு இவ்வளவுதான்.

அப்பிக்கொண்ட உயிர்கள் கப்பலின் வேகத்தைக் குறைக்கும், எரிபொருளைத் தின்னும். அவை ஒட்டாமலிருக்கத்தான் பூச்சு. பெரும்பாலான பூச்சுகள் நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கசியவிட்டே அந்த வேலையைச் செய்கின்றன. அதாவது மாசு அந்தப் பூச்சிலிருந்துதான் வருகிறது. அதற்குப் போய் ‘மாசு எதிர்ப்பு’ என்று பெயர் சூட்டினால் குற்றவாளிக்கே காவலர் உடுப்பு மாட்டியதாகும்.

2000 நவம்பரில் ‘புங்கா தெராத்தாய் சத்து’ என்ற மலேசியக் கொள்கலன் கப்பல், ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள சட்பரி பாறையில் தரைதட்டியது. அடிப்பூச்சு உரசிப் பாறையிலேயே தங்கிவிட்டது. அதிலிருந்த டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீய நஞ்சு, செம்பு, துத்தநாகம் எல்லாம் கடலடிப் படிவில் கலந்தன. இப்படி நஞ்சேறிய படிவில் பவளக் குஞ்சுகள் ஒட்டி வளர முடியவில்லை என்பதை ஆய்வுகள் காட்டின. கப்பலில் கொட்டலசு ஒட்டக் கூடாது என்று பூசியது, பாறையில் பவளத்தையும் ஒட்டவிடவில்லை. இதை ‘மாசு எதிர்ப்பு’ என்று எழுதிப் பாருங்கள், நடந்தது என்னவென்றே விளங்காது.

சிலர் ‘ஒட்டுண்ணித் தடுப்பு’ என்கிறார்கள். அதுவும் சரியில்லை. ஒட்டுண்ணி என்றால் ஒட்டிய உயிரையே உண்பது. கொட்டலசு கப்பலையா தின்கிறது? ஒட்டிக்கொள்ள இடம் கேட்கிறது, இரையைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

‘ஒட்டுயிர்த் தடுப்புப் பூச்சு’ என்பதே பொருந்தும் என்பது என் முடிவு. ‘ஒட்டுயிர்க்கொல்லி’ இன்னும் கடுமையாக, நேர்மையாக இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் வழுக்கும் சிலிக்கோன் பூச்சுகளும் இந்த வகையில் உண்டு, அவை கொல்வதில்லை. நஞ்சு கலந்ததை மட்டும் ‘உயிர்க்கொல்லி சேர்ந்த ஒட்டுயிர்த் தடுப்புப் பூச்சு’ என்று சொல்லலாம். நீளம்தான், பரவாயில்லை. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை அப்படியே ஒட்டிவிட்டு, அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமலே போகும் மொழிபெயர்ப்பைவிட நீளமான சொல் எவ்வளவோ மேல்.

டிரைபியூட்டைல்டினைக் கப்பல்களில் தடுக்கும் உலக உடன்படிக்கை 2001இல் உருவாகி 2008இல் நடைமுறைக்கு வந்தது. பவளத்துக்குள் வாழும் நுண்பாசியின் ஒளிச்சேர்க்கையை முடக்கும் சைபியூட்ரின் என்ற இன்னொரு பூச்சு நஞ்சும் 2023 முதல் அதே உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் இருக்கிறது. செம்பு கலந்த பூச்சுகள் இன்னும் புழக்கத்தில்தான் உள்ளன.