வைட்டமின் டி கொடுங்கள், ஆனால் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்

போன வாரம் இரவுப் பணியில் இருந்தபோது ஆஸ்துமா உள்ள ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை அவனால். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே இழுத்தது. ஆக்சிஜன், நெபுலைசர், ஸ்டீராய்டு ஊசி எல்லாம் கொடுத்து, விடியும் நேரத்தில்தான் இழுப்பு அடங்கியது.

அப்புறம் அவன் அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினார். ரத்தப் பரிசோதனை அறிக்கை, வைட்டமின் டி பவுடர் பாக்கெட்டுகள், அடியில் இன்ஹேலர். மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய 120 டோஸ் இன்ஹேலர் அது. மீதி டோஸைக் காட்டும் கவுண்டர் 97-இல் நின்றுபோயிருந்தது.

“டி கம்மியா இருக்கறதாலதான் இழுப்பு வருதாம் டாக்டர். இதைக் கொடுத்தா வேரோட சரியாயிடும், பம்பு ஸ்டீராய்டு, பழக்கமாயிடும்னு சொன்னாங்க.”

இந்த மழைக்காலத்தில் இதே கதையோடு வந்த நாலாவது பிள்ளை இவன்.

டி-க்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூச்சுக்குழாய் அழற்சியைத் தூண்டும் நோய் எதிர்ப்புச் செல்களை டி ஓரளவு அடக்குகிறது என்று ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பலருக்கு டி குறைவாக இருப்பதும் உண்மை. ஆனால் எது முதலில் வந்தது? மூச்சு வாங்குகிறது என்று விளையாட விடாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் பிள்ளைக்கு டி குறையத்தானே செய்யும்?

சரி, கொடுத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். 2014-இல் அமெரிக்காவில், டி குறைவாக இருந்த 408 ஆஸ்துமா நோயாளிகளிடம் செய்த ஆய்வில் ஒரு பாதிப் பேருக்கு டி, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. இழுப்பு கட்டுக்குள் நிற்பதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2020-இல் 6 முதல் 16 வயதுவரையான 192 பிள்ளைகளுக்குத் தினமும் 4,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியாததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2016-இல், பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு நம்பிக்கை தந்தது. எனக்கும் அப்போது ஆசை இருந்தது. 2023-இல் 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பலன் நிற்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 2014, 2020 ஆய்வுகளில் டி கொடுத்தது இன்ஹேலரோடு சேர்த்துத்தான், அதை நிறுத்திவிட்டு அல்ல.

அடுத்தது ஸ்டீராய்டு பயம். இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுவிட்டது. அந்தப் பையனுக்கு எழுதியிருந்த இன்ஹேலரில் ஒருமுறை உறிஞ்சினால் வருவது 200 மைக்ரோகிராம் ஸ்டீராய்டு. அதுவும் முக்கியமாக மூச்சுக்குழாயில்தான் வேலை செய்கிறது. இதற்குப் பயந்து நிறுத்தியதால் அன்று இரவு ஒரே ஊசியில் 100 மில்லிகிராம், அதாவது 1,00,000 மைக்ரோகிராம், அவன் நரம்பில் நான் ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டும் வேறு வேறு மருந்து, வீரியமும் வேறு, எடையை மட்டும் வைத்து ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் எந்த ஸ்டீராய்டு உடம்பு முழுக்கப் போகிறது என்று யோசியுங்கள். இன்ஹேலர் பழக்கமாகிவிடாது. அழற்சி இருக்கும்வரை தேவைப்படுகிறது, அவ்வளவுதான். தினமும் எடுக்க வேண்டிய இன்ஹேலரை விட்டுவிட்டு, மூச்சு இழுக்கும்போது மட்டும் உடனடி நிவாரணம் தரும் நீலப் பம்பை அடித்துக்கொண்டு காலம் தள்ளுவதுதான் ஆபத்து.

ரத்தப் பரிசோதனையில் டி 20 ng/ml-க்குக் கீழே இருந்தால் தாராளமாகச் சரிசெய்யுங்கள். எலும்புக்கு அது வேண்டும். ஆனால் 60,000 யூனிட் பாக்கெட் வாரத்துக்கு ஒன்று, டாக்டர் சொன்ன வாரங்கள் மட்டும். தினமும் ஒன்றாகக் கரைத்துக் குடித்த பாட்டி ஒருவர் வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம் என்று வந்தார். ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது. வெயில் என்றால் காலை 10 மணிக்கு மேல், கொஞ்ச நேரம், வெளியே நின்று. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் டி உருவாகாது.

இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயை வைத்து மருந்தை இழுங்கள். இழுத்ததும் பத்து விநாடி மூச்சைப் பிடியுங்கள், பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். பிள்ளை தூங்கும் அறையில் கொசுவர்த்தி வேண்டாம். டோஸைக் குறைக்க வேண்டும் என்று தோன்றினால் என்னிடம் வாருங்கள், சேர்ந்தே குறைப்போம்; நானும் பலருக்குக் குறைத்திருக்கிறேன். வரும்போது இன்ஹேலரை மறக்காமல் கொண்டு வாருங்கள் அம்மா. பிள்ளை என் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டட்டும், கவுண்டரையும் பார்த்துவிடுகிறேன்.